கம்மலைத் திருடியது யார்?

"பதில் தப்பாம் அக்கா. பணத்தக் குடுக்க மாட்டேங்கிறாங்க."

ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து சொன்னேன். அந்தப் பக்கம் நின்ற நெனித்தா அலட்டிக்கொள்ளவில்லை. சிரித்தாள்.

"அம்மாவுக்கு அவன் பேரு வாயில வரலையாக்கும். செல்லப் பிள்ளையாச்சே."

ஞாயிற்றுக்கிழமை. ஹாங்காங்கில் வீட்டு வேலை செய்யும் எங்கள் பிலிப்பைன்ஸ் பெண்கள் பாதிப் பேர், ஊருக்குப் பணம் அனுப்பும் எங்கள் கடை வரிசையில்தான் நிற்பார்கள். மீதிப் பேர் வெளியே அட்டையை விரித்து உட்கார்ந்து, அனுப்பிய பணத்தை நினைத்து அழுதுகொண்டே நூடுல்ஸ் சாப்பிடுவார்கள்.

ஊரில் பணம் வாங்குகிறவரிடம் அடையாள அட்டை இல்லையென்றால் ஒரு கேள்வி வைக்க வேண்டும். கேள்வி, பதில் இரண்டையும் அனுப்புகிறவர் சொல்வார், நான் தட்டச்சு செய்வேன். ஊர்க் கவுன்டரில் கேட்பார்கள். சரியாகச் சொன்னால் பணம்.

இந்த ஜனங்களுக்குக் கற்பனை என்பதே கிடையாது. உங்கள் நாயின் பெயர் என்ன? பன்டாய். பிலிப்பைன்ஸில் தெருவுக்கு நாலு பன்டாய் குரைக்கும். திருடன்கூட யோசிக்காமல் சொல்லிவிட்டுப் போவான். இதைப் பாதுகாப்பு என்று நம்பி நீட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நெனித்தாவின் கேள்வி மட்டும் வேறு. அம்மாவின் கம்மலைத் திருடியது யார்? பதில், டெல்பின்.

டெல்பின் அவளுடைய அண்ணன். அவள் ஹாங்காங் கிளம்பிய வருடம், வீட்டிலிருந்த ஒரே தங்கத்தைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேவல் சண்டையில் தொலைத்தவன். வழியனுப்ப வந்தவன் கையிலிருந்து பெட்டியைப் பிடுங்கிக்கொண்டுதான் ஊரிலிருந்து படகேறினாளாம்.

அம்மாவுக்கு அவள் அனுப்பும் பணத்தை மாதாமாதம் அவன்தான் போய் வாங்குவான். ஊரில் இருப்பது ஒரே அடகுக் கடை. பணம் கொடுப்பதும் அங்கேதான். நாலு பேர் காதுபடத் தன் பெயரைச் சொன்னால்தான் காசு கைக்கு வரும்.

சொன்னான். ஒவ்வொரு மாதமும் சொன்னான்.

"வெக்கங்கெட்டவன். சொல்லிட்டு வாங்கிட்டுப் போறான் பாரு தம்பி" என்பாள். எனக்கும் அது பிடித்திருந்தது. மதியச் சாப்பாட்டின்போது பக்கத்துக் கவுன்டர்க்காரனிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

இந்த முறை டெல்பின் ஆஸ்பத்திரியில் கிடந்தான். டெங்கு. உடனே ரத்தம் ஏற்ற வேண்டும், அதற்குப் பணம் கட்ட வேண்டும். அதனால் காலையில் அம்மா பெயருக்கே அனுப்பினாள். அம்மாவிடமும் அட்டை கிடையாது. கேள்வியையாவது மாற்றட்டுமா என்று கேட்டேன்.

"எதுக்கு? பெத்தவ வாயாலயும் ஒரு தடவ வரட்டும். எப்பப் பாரு அவனுக்கே வக்காலத்து."

வந்ததோ தப்பான பதில்.

"அப்படி என்னதான் சொன்னாங்களாம்?" என்றாள் நெனித்தா.

அடகுக் கடைப் பெண்ணிடம் கேட்டேன். "'நான்தான்'னு சொன்னாங்களாம் அக்கா."

"பாத்தியா? புள்ளைக்காகப் பழியக்கூட ஏத்துக்குவா."

"இருங்கக்கா, இன்னும் சொல்றாங்க."

அந்தப் பெண் சொல்லச் சொல்ல அப்படியே நெனித்தாவிடம் சொன்னேன். கம்மல் சேவல் சண்டைக்குப் போகவே இல்லை. அம்மாதான் அதே கடையில் அடகு வைத்தாள். நெனித்தாவை ஹாங்காங் அனுப்பிய ஏஜென்டுக்குக் கட்டுவதற்காக. தெரிந்தால் இவள் கிளம்ப மாட்டாள் என்று, 'திருடியது நானென்று சொல்லிவிடு' என்று அம்மாவிடம் சொன்னவன் டெல்பின். கடைக்காரம்மாவே உள்ளேயிருந்து வந்து, ஆமாம், என் கையால்தான் வாங்கி வைத்தேன் என்றாளாம்.

நெனித்தா உதட்டுச்சாயத்தைப் புறங்கையால் துடைத்தாள். கன்னம் வரை சிவப்பு இழுத்துக்கொண்டது. வரிசையில் யாரோ சீக்கிரம் என்று முணுமுணுத்தார்கள்.

"கேள்விய எடுத்துடட்டுமாக்கா?"

"இருக்கட்டும். பதில மாத்து."

"என்ன போட?"

"எம் பேரு."

போட்டேன். கம்மலைத் திருடியது யார்? நெனித்தா. அங்கே மறுபடி கேட்டார்கள். அம்மா காதில் விழாதவள் போல நின்றாளாம். பதிலை மகளே மாற்றியிருக்கிறாள், உங்கள் மகள் பெயர்தான் பதில் என்று கடைப் பெண் பொறுக்க முடியாமல் சொல்லியே கொடுத்துவிட்டாள். அப்படியும் அம்மா அந்தப் பெயரைச் சொல்லவில்லை.

"எம் பொண்ணத் திருடின்னு சொல்லி வாங்குற காசு வேணாங்கிறாங்கக்கா."

அங்கே ஒருவன் ரத்தத்துக்குக் காத்துக் கிடக்கிறான். இந்தக் குடும்பத்தில் ஒருத்தருக்காவது காரியம் தெரியுமா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. எரிச்சல் மட்டும்தான் என்று அப்போது நினைத்தேன்.

நெனித்தா கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"நாய் பேரு போடு தம்பி."

நாயின் பெயர் என்ன என்று நான் கேட்கவில்லை. அடித்தேன். அந்தப் பக்கம் கேள்வி முடியும் முன்பே பதில் வந்தது. பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். நெனித்தா பையை எடுத்துக்கொண்டு வரிசையை விலக்கி வெளியே போனாள்.

நடுவில், அங்கே கடைப் பெண்ணிடமிருந்து ரிசீவரைப் பிடுங்கி ஒரு கிழட்டுக் குரல் என்னிடம் கேட்டதை மட்டும் நான் அவளிடம் சொல்லவில்லை.

"மாசாமாசம் எம் புள்ளகிட்ட இதயாய்யா கேட்டீங்க?"

ரிசீவரை வைத்துவிட்டு அடுத்த பெண்ணைக் கூப்பிட்டேன்.