பதினோரு நாள் சமாதானம்

பதினோரு நாளாகப் பள்ளியில் ஒரு சண்டைகூட நடக்கவில்லை. அதனால்தான் சமாதான மிஸ் தூக்கம் கெட்டுப்போய் உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பெயர் பிள்ளைகள் வைத்தது. யார் யாரோடு முட்டிக்கொண்டாலும் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அவருடைய சின்ன அறைக்குத்தான் வரவேண்டும். எதிரெதிரே இரண்டு நாற்காலிகள், நடுவில் ஒரு மஞ்சள் துணிப்பந்து. பந்து யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். அதுவும் மனதில் இருப்பதை மட்டும்.

வாரத்தில் வகுப்புக்கு ஒரு பீரியடும் அவருக்கு உண்டு. கோபம் என்ன நிறம், பொறாமை உடம்பில் எந்த இடத்தில் வலிக்கும் என்றெல்லாம் வரையச் சொல்வார். இரண்டு வருஷத்தில் பிள்ளைகள் நன்றாகவே தேறிவிட்டார்கள். இப்போதெல்லாம் பந்து இல்லாமலே மைதானத்திலேயே பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள்.

"ரொம்ப நல்லா பண்ணிட்டீங்க," என்றார் தலைமையாசிரியை. "அதான் இப்ப பிரச்சினையே. சண்டையே இல்லாத ஸ்கூல்ல சமாதானம் பண்ண ஒரு ஆள் எதுக்குன்னு நிர்வாகத்துல கேக்கறாங்க."

"நான் இருக்கறதாலதானே மேடம் சண்டை இல்ல?"

"அதையேதான் நானும் சொன்னேன். மழை இல்லாத ஊர்ல குடை எதுக்குங்கறாங்க. மாசக் கடைசி வரைக்கும் பாப்போம்."

மூன்று வருஷம் வீட்டில் சும்மா இருந்து, "என்னம்மா, ஏதாவது கிடைச்சுதா?" என்று கேட்ட அத்தனை பேருக்கும் பதில் சொல்லிச் சலித்த பிறகு கிடைத்த வேலை. மறுபடி அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மிஸ்ஸுக்குத் தெம்பில்லை.

மறுநாள் மூன்றாவது பீரியடில் கதவு படாரென்று திறந்தது. ஆளுக்கொரு கையாக இரண்டு பெண்களைப் பிடித்துக்கொண்டு கணக்கு சார் நின்றார். நாள் முழுக்க வகுப்பு மாற்றி வகுப்பு கத்தியே தொண்டை கட்டிப்போனவர். வாந்தி வருகிறது என்றால்கூட யாரையும் வெளியே விடாதவர்.

"என்னால முடியல மிஸ். நீங்களே பாத்துக்கங்க," என்று கரகரத்துவிட்டுப் போய்விட்டார்.

இருவரும் ஏழாம் வகுப்பு. ஒருத்தி சுண்டெலி, இன்னொருத்தி ஒட்டடைக்குச்சி. உருவத்தைப் பார்த்து வகுப்பு வைத்த பெயர்கள். எல்.கே.ஜி.யிலிருந்து ஒரே பெஞ்சு.

"என் ஸ்கேலை உடைச்சிட்டா மிஸ், எருமை!"

"அவதான் மிஸ் என் சடையைப் புடிச்சு இழுத்தா. பிசாசு!"

மிஸ்ஸுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. உடனே வெட்கமாகவும் இருந்தது. பந்தின் மேல் படிந்திருந்த தூசியைத் தட்டி நீட்டினார்.

மணி அடிக்கும் வரை பேசினார்கள். கிளம்பும்போது சுண்டெலி வாசலில் நின்று திரும்பினாள்.

"மிஸ், இன்னிக்கே ராசியாயிடணுமா? மிச்சக் கோபத்துக்கு நாளைக்கு வரலாமா?"

அடுத்த நாள் ஆறாம் வகுப்பில் ரப்பருக்காக ஒரு யுத்தம். அதற்கடுத்த நாள் எட்டாம் வகுப்பில், "என்னைப் பாத்து முறைச்சான்" என்று ஒன்று. ஒவ்வொரு முறையும் கணக்கு சாரே கூட்டி வந்தார். அறை வாசலில் வரிசை நிற்க ஆரம்பித்தது.

தலைமையாசிரியை மிரண்டு போனார். "போன வாரம் வரைக்கும் பசு மாதிரி இருந்ததுங்களே!"

"உள்ளுக்குள்ள அடக்கி வெச்சதெல்லாம் வெடிக்குது மேடம்," என்றார் கணக்கு சார். "இந்த நேரம் பாத்து இவங்களை அனுப்பினீங்கன்னா ஸ்கூல் ரெண்டுபட்டுடும்."

மாதக் கடைசியில் நிர்வாகத்தின் முடிவு வந்தது. சமாதான மிஸ் அடுத்த வருஷமும் இருப்பார்.

அன்றைக்கும் சுண்டெலியும் ஒட்டடைக்குச்சியும் வந்தார்கள். அவர்களுக்குச் செய்தி இன்னும் தெரியாது. உட்காருவதற்கு முன்னால் ஒட்டடைக்குச்சி, சுண்டெலியின் அவிழ்ந்த ரிப்பனை இரண்டு சுற்றுச் சுற்றி அழகாகக் கட்டிவிட்டாள். அதன் பிறகுதான் "பிசாசு!" என்றாள்.

மிஸ் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"நிஜமாவே சண்டை போட்டீங்களா?"

ஒட்டடைக்குச்சி அதே ரிப்பனை இன்னொரு முறை இறுக்கிக் கட்டினாள்.

"நான் போயிடக் கூடாதுன்னுதானே?" மிஸ்ஸின் குரல் உடைந்தது. "ஆறாம் கிளாஸ், எட்டாம் கிளாஸ்... எல்லாரும் சேந்து, எனக்காகவா?"

சுண்டெலி பந்தை எடுத்துக்கொண்டாள்.

"இது கையில இருந்தா மனசுல இருக்கறதைத்தானே மிஸ் சொல்லணும்?"

"ஆமாடா கண்ணு. சொல்லு."

"உங்களை எங்களுக்குப் பிடிக்கும் மிஸ். ஆனா..." பந்தைப் பிசைந்தாள். "நீங்க போயிட்டா உங்க பீரியட் எல்லாத்தையும் கணக்கு சாருக்குக் குடுத்துடுவாங்களாம்."

மிஸ்ஸுக்கு வந்த அழுகை பாதி வழியில் சிரிப்பாகிவிட்டது. "அடி திருட்டுக் கழுதைங்களா! இது மட்டும் சார் காதுல விழுந்துச்சு, தொலைஞ்சீங்க!"

ஒட்டடைக்குச்சி பந்துக்குக் கை நீட்டினாள்.

"சார்தான் மிஸ் எங்களை அடிச்சுக்கச் சொன்னாரு."