கோல்மன் சொன்ன பெயர்

"எவனாவது ஒருத்தன், ரட்லெட்ஜ்! தூக்கிட்டாவது வாங்க!" சர் பியர்ஸ் லாம்பர்ட்டின் குரல் உடைந்தது. வாக்குச்சாவடி மூடக் கால் மணி நேரம்தான் இருந்தது. இரு வேட்பாளர்களுக்கும் சரிசமமான ஓட்டுகள்.

ஐந்து தலைமுறையாக லாம்பர்ட் குடும்பத்தின் கையில் இருந்த, அயர்லாந்தின் மேயோ தொகுதி அது. மனைவியைப் புதைத்த பிறகு அவருக்கு மிஞ்சியது லண்டன் பாராளுமன்றம் மட்டுமே. அங்கே எழுந்து நின்றால் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இங்கே மாளிகையில் மழைச் சத்தம்தான் துணை.

"பட்டியல்ல ஒரே ஒரு பேர்தான் பாக்கி, ஐயா," என்றார் காரியஸ்தர் ரட்லெட்ஜ், தலை நிமிராமல். "கோல்மன் கீன்."

சர் பியர்ஸ் பட்டியலைப் பிடுங்கிப் பார்த்தார். திங்கட்கிழமைதான் கோல்மனின் கூரையைப் பிரித்தெறிந்திருந்தார்கள். தேர்தலுக்காக சர் பியர்ஸ் ஊர் திரும்பிய மூன்று வாரத்தில் அது பதினெட்டாவது வீடு. மாடுகளின் மேய்ச்சலுக்கு, குத்தகைக்காரர்கள் குடியிருந்த அவருடைய நிலம் வேண்டியிருந்தது. ரட்லெட்ஜ் இளகிய மனசுக்காரர், தனியாக விட்டால் ஒரு வீட்டையும் தொடமாட்டார் என்பதால், ஒவ்வொரு வீட்டையும் சர் பியர்ஸ் தானே எதிரில் நின்று இடிக்க வைத்தார்.

அந்தப் பதினெட்டுப் பேரில் ஓட்டு இருந்தவன் கோல்மன் மட்டும்தான். ஓர் ஓட்டில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்திருந்தார்.

கோல்மன் சேறு அப்பிய கோட்டோடு வந்தான். அவன் மனைவி வாய்க்கால் ஓரம், சாய்த்து வைத்த கதவுக்கு அடியில் காய்ச்சலில் கிடப்பது எல்லோருக்கும் தெரியும். கூட்டம் வழிவிட்டது.

"சத்தமாச் சொல்லுடா கோல்மன்! அவரு காதுல விழட்டும்!"

யாருக்கு ஓட்டு என்பதை எல்லோர் முன்னாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சர் பியர்ஸ் மேடையிலிருந்து இறங்கி ஓடி வந்தார்.

"கோல்மன், உன் வீட்டைத் திரும்பக் கட்டித் தரேன். சத்தியமா."

"பதினெட்டையுமா?"

சர் பியர்ஸ் ரட்லெட்ஜைத் திரும்பிப் பார்த்தார். அதிகாரி பேனாவை மையில் தோய்த்தார்.

"யாருக்குப்பா ஓட்டு?"

கோல்மன் கண்ணை மூடித் திறந்தான். "சர் பியர்ஸ் லாம்பர்ட்டுக்கு."

"துரோகி!" என்ற கத்தலோடு ஒரு சேற்றுக்கட்டி அவன் காதோரம் வந்து விழுந்தது. அவன் துடைத்துக்கொள்ளவில்லை. நேரம் முடிந்தது. அதிகாரி பதிவேட்டை மூடினார். ஒரே ஒரு ஓட்டில் வெற்றி.

சர் பியர்ஸின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அவன் கையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார்.

"இவ்வளவு பண்ணியும் என்னை மன்னிச்சிட்டியா, கோல்மன்?"

அவன் கையை மெதுவாக உருவிக்கொண்டான்.

"ஊர்ல இன்னும் பன்னெண்டு வீடு நிக்குது ஐயா, நீங்க சீக்கிரம் லண்டனுக்குக் கிளம்புங்க."