மருத மரத்துத் தோணி

நேரம் முடிந்ததென்று அறிவிக்க எடுத்த மணி நூலகரின் கையிலேயே நின்றுவிட்டது.

அந்தக் கதையை அந்தச் சிறுமி அறிந்திருக்க வழியே இல்லை.

பாயில் அமர்ந்திருந்த குழந்தைகள் எவரும் அசையவில்லை. காகிதம் மடித்துக்கொண்டிருந்த விரல்களும் பாதி மடிப்பில் நின்றிருந்தன. திறந்த சன்னல் வழியே வேப்பம்பூ உதிர்ந்து, வண்ணக் கிண்ணங்களில் விழுந்துகொண்டிருந்தது. அதை ஒதுக்கவும் எவருக்கும் தோன்றவில்லை.

படித்த நூல் எதுவென்று சொல்லிவிட்டே கதை சொல்ல வேண்டும். பங்குனி மாதக் குழந்தைகள் விழாவுக்கு, நூலகர் என்ற முறையில் அவள் வகுத்த விதி அது.

இசக்கிப்பிரியா விதியை மீறவில்லை. பூட்டிய கண்ணாடி அலமாரியைச் சுட்டிக்காட்டி, "அந்தத் தோணிப் படம் போட்ட புத்தகம்" என்று அறிவித்துவிட்டுத்தான் தொடங்கினாள்.

வெள்ளம் வடிந்தபோது, தோணி மருத மரத்தின் உச்சியில் சிக்கிக்கிடந்தது. மீன்பிடிப்பவன் ஏறிப் பார்த்தான். அதற்குள் ஒரு கொக்கு முட்டையிட்டிருந்தது. அவன் பேசாமல் இறங்கினான். வீட்டில் சோறு இல்லை. மறுபடியும் ஏறினான். குஞ்சுகள் அவனைத் தாயென்று எண்ணி வாயைத் திறந்தன. அவனுடைய பிள்ளைகளும் அப்படித்தான் வாயைத் திறப்பார்கள். அன்றும் இறங்கினான்.

அடுத்த முறை அரிவாளுடன் வந்தான். மரத்தடியில் நின்று, மேலே பார்த்தான்.

"நிறுத்து."

நூலகரின் குரல் அவளுக்கே உரத்துக் கேட்டது.

புதிய நூல்கள் மாசியில் வந்து இறங்கின. மாவட்ட அலுவலர் வந்து நாடாவை வெட்டும்வரை அவற்றை எவரும் தொடக் கூடாது. அவர் இன்னும் வரவில்லை. குழந்தைகள் நாள்தோறும் கண்ணாடியில் முகத்தைப் பதித்து நிற்பார்கள். மூக்குத் தடங்களை அவள் காலையில் ஈரத்துணியால் துடைப்பாள். அலமாரிச் சாவி அவள் இடுப்பைவிட்டு அகன்றதே இல்லை.

தொட்டுப் பார்த்தாள். இருந்தது.

"சாவியை எப்ப எடுத்த?"

"எடுக்கலை மிஸ்."

"பிறகு கதை எப்படித் தெரியும்?"

சிறுமி அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏல, இவ பல்லியா மாறி உள்ள பூந்திருப்பா!" என்றான் பின்வரிசையில் ஒருவன்.

பாய் முழுவதும் சிரித்தது.

அவள் சிரிக்கவில்லை. சிறுமியின் பையை வாங்கி, எல்லாரும் பார்க்கக் கவிழ்த்தாள்.

உடைந்த மெழுகு வண்ணங்கள். ஒற்றைச் சடை நாடா. கடித்து மீதி வைத்த மாங்காய். காகிதப் பொட்டலத்திலிருந்து உப்பு பாயில் சிதறியது. மறுபடியும் சிரிப்பு.

புத்தகம் இல்லை.

அலமாரியைத் திறந்தாள்.

புத்தகம் வைத்த இடத்திலேயே இருந்தது. பதிப்பகத்தார் ஒட்டி அனுப்பிய பாலித்தீன் உறை பிரிக்கப்படவில்லை. விளிம்பில் ஒரு நகக்கீறலும் இல்லை.

அதைத் திருப்பினாள். மீண்டும் திருப்பினாள்.

அட்டையில் ஒரு மரம். மரத்தின் உச்சியில் ஒரு தோணி. கொக்கு இல்லை. மனிதன் இல்லை. அரிவாளும் இல்லை.

"இதை நீ படிக்கவே இல்லையா?"

"இல்ல மிஸ். வெளிய நின்னு பார்த்தேன்." சிறுமி அட்டையைச் சுட்டினாள். "புத்தகத்துல உள்ளதைத்தான் சொல்லணும்னீங்க. அதான் அதைக் காட்டினேன்."



அந்த அட்டையை நூலகரும் ஒரு மாதமாக நாள்தோறும் பார்த்துவந்தாள். வரிசை பிசகாமல் நிற்கிறதா என்று மட்டும் பார்த்தாள்.

முன்வரிசையில் ஒரு குழந்தை எழுந்தது.

"மிஸ், அந்த ஆளு மரத்தை வெட்டிட்டாரா?"

"குஞ்செல்லாம் என்னாச்சு மிஸ்?" இப்போது கேட்டவன், சற்று முன் பல்லி என்றவன்.

புத்தகம் அவள் கையில் இருந்தது. ஆகவே எல்லாரும் அவளையே கேட்டார்கள்.

உறையைக் கிழித்தாள்.

அவளுடைய பணிக்காலத்தில் நாடா வெட்டுவதற்கு முன் அப்படி எதையும் பிரித்ததில்லை. கிழியும் ஒலி அறை முழுவதும் கேட்டது.

முதல் பக்கத்தில் மழைநீர் சேகரிப்பின் நன்மைகள். அடுத்து, ஏரிகளின் பரப்பளவு. அதற்கடுத்து, வெள்ளக் காலத்தில் செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை. அவள் பக்கங்களை விரைந்து புரட்டினாள். பிறகு, ஒழுங்கின்றிப் புரட்டினாள். கடைசிப் பக்கத்தில் ஓர் அட்டவணை இருந்தது.

மீன்பிடிப்பவன் எங்கும் இல்லை.

நிமிர்ந்தாள்.

சிறுமி பாயில் மண்டியிட்டிருந்தாள். சிதறிய உப்பை விரல்நுனியால் ஒற்றியெடுத்துக் காகிதத்தில் சேர்த்துக்கொண்டிருந்தாள். ஒரு துகளையும் விடவில்லை.

"மீதியைச் சொல்லும்மா, இசக்கி."

எவருடைய பெயரையும் அவள் அதுவரை சுருக்கி அழைத்ததில்லை.

குழந்தைகள் அனைவரும் சிறுமியின் பக்கம் திரும்பினார்கள். எவரும் சிரிக்கவில்லை.

சிறுமி எழுந்து, பையின் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டாள். நூலகரின் கையில் விரிந்திருந்த புத்தகத்தைப் பார்த்தாள். அவளைப் பார்க்கவில்லை.

"அதுல என்ன போட்டிருக்கோ, அதான் மிஸ் கதை."