ஞாயிற்றுக்கிழமைக் கோளாறு

மூன்று மாதத்தில் பதினோரு தடவை. ஒரே வண்டி, ஒரே கோளாறு, ஒரே மெக்கானிக். இப்படிப்பட்ட ஆளைத் திருடன் என்று விஜிலா சொன்னதில் என்ன தப்பு?

கோயம்புத்தூரிலிருந்து நாலு நாள் லீவில் அப்பாவைப் பார்க்க வந்திருந்தாள். அம்மா போன பிறகு அப்பா இனிகோ தனியாகத்தான் இருக்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் காலையில் போன் செய்வாள். "வண்டியில கம்ப்ரஷன் இல்ல மக்கா, தளவாய் ஒர்க்‌ஷாப்புல இருக்கேன்" என்பார். "சரிப்பா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுவாள். அந்த அப்புறம் அடுத்த ஞாயிறுதான் வரும்.

இந்த ஞாயிறும் அதே கதை. முதல் பூசைக்குக் கிளம்பும்போது வண்டியை உதைத்துப் பார்த்தார். எஞ்சினுக்குள் காற்று அமுங்காமல், கிக்கர் தடையே இல்லாமல் தொளதொளவென்று இறங்கியது. பூசை முடிந்து வந்து தளவாயிடம் கொண்டுபோவதாகச் சொல்லிவிட்டுக் மாதா கோயிலுக்கு நடந்தே போனார்.

விஜிலாவால் பொறுக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு மெல்வினைக் கூப்பிட்டாள். சித்தி மகன். கப்பலில் எஞ்சின் வேலை, லீவில் வந்திருந்தான்.

மெல்வின் பிளக்கைக் கழற்றினான். அந்த ஓட்டையில் கட்டை விரலை வைத்துக்கொண்டு அவளை உதைக்கச் சொன்னான். விரலைப் பிடித்துத் தள்ள வேண்டிய காற்று சும்மா ஊதிவிட்டுப் போனது. ஒரு மூடி ஆயில் ஊற்றி மறுபடி உதைக்கச் சொன்னான். அப்போதும் அப்படியேதான்.

"பிஸ்டன் ரிங் தேஞ்சிருந்தா ஆயில் விட்டதும் கிக்கர் கனத்திருக்கும். ரிங் நல்லாருக்குக்கா. கோளாறு வால்வுலதான்."

வால்வைத் திறந்து மூடவைக்கும் டேப்பட்டின் மூடியைத் திறந்தான். வால்வை முழுதாக மூடவிடாமல் யாரோ திருகி வைத்திருந்தார்கள். பத்தே நிமிடத்தில் சரி செய்துவிட்டான். தானாகவே இப்படி ஆகுமா என்று விஜிலா கேட்டாள். தானாக ஆகியிருந்தால் நட் லூசாக இருக்கும், இது பதமாக இறுக்கியிருக்கிறது, வேலை தெரிந்த கை என்றான் மெல்வின்.

அது போதாதா? விஜிலா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

தெருவில் எல்லாக் கடையும் பூட்டிக் கிடந்தது. தளவாய் ஒர்க்‌ஷாப் மட்டும் திறந்திருந்தது. ரெண்டு ஸ்டூல் போட்டு ஒன்றில் உட்கார்ந்திருந்தார், ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஆள்.

வயசான மனுசரை ஏமாற்ற வெட்கமாக இல்லையா என்று ஆரம்பித்தவள் மூச்சு விடாமல் பேசினாள். சாயங்காலமே வண்டியை வாங்க ஆள் வருகிறது, இனி அப்பா இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார் என்று முடித்தாள்.

தளவாய் கழிவுத்துணியில் கையைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"நான் திருகி அனுப்பினா வண்டி தெருமுனை தாண்டுமாம்மா? ஆறு நாளும் நல்லா ஓடிட்டு, ஞாயித்துக்கிழம மட்டும் எப்படிக் கெட்டுப்போவுது?"

காலியாக இருந்த ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினார்.

"கப்பல இழுக்குற டக் படகுல, எஞ்சினுக்குள்ளயே முப்பது வருசம் கெடந்த மனுசர் உங்கப்பா. டேப்பட் வைக்க அவருக்கு நான் வேணுமா?"

முதல் தடவையே தளவாய் இதைக் கண்டுபிடித்துவிட்டாராம். கேட்டால் கூச்சப்பட்டு வராமல் இருந்துவிடுவார் என்று கேட்கவில்லையாம். ஞாயிறு கடைக்கு லீவுதான். முதல் ஞாயிறு ஏதோ பாக்கி வேலைக்காகத் திறந்திருந்தாராம், அதற்குப் பிறகு இனிகோ அண்ணாச்சிக்காகத்தான் ஷட்டரைத் தூக்குகிறாராம். பத்து நிமிட வேலையை மத்தியானம் வரைக்கும் இழுப்பாராம். கூலி கேட்டதில்லை, அண்ணாச்சி வாங்கித் தரும் டீயோடு சரி.

"வண்டிய வித்துராதியம்மா. பாவம், பேச்சுத்துணைக்கு ஆளில்லாத மனுசர். ஞாயித்துக்கிழம அவரு வேற எங்க போவாரு?"

விஜிலாவுக்கு ஏன் வாயைத் திறந்தோம் என்று இருந்தது. வாரம் தவறாமல் போன் போடுகிறோம் என்று கோயம்புத்தூரில் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவள் அவள்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா பூசை முடிந்து வந்து வண்டியை உதைக்கக் காலைத் தூக்கிக்கொண்டிருந்தார். ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனது. வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். இவர் முகம் விழுந்துவிட்டது. வண்டியை அணைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மெல்வின் சரி செய்ததை விஜிலா சொன்னாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"டேப்பட்ட நீங்கதானப்பா திருகி வைக்கிய?"

இனிகோ தெருப்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தளவாய்கிட்ட சொல்லிறாத மக்கா. அவன் மனசு சங்கடப்படும்."

அவரே தொடர்ந்தார்.

"பொண்டாட்டி செத்து ரெண்டு வருசமாச்சு அவனுக்கு. புள்ளயும் கெடையாது. ஞாயித்துக்கிழம ஒரு பய வண்டி கொண்டாரமாட்டான். அப்பவும் ஷட்டரத் தூக்கி வச்சிட்டு, ரோட்டையே பாத்துக்கிட்டு ஒத்தையில உக்காந்திருக்கான். கண்ணால பாக்க முடியல. நாமளாவது ஒரு சோலி குடுப்போம்னுதான்."

விஜிலா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கென்ன மக்கா, நீ இருக்க. அவனுக்கு யாரு இருக்கா?"