கொட்டக் கொட்ட

"ரெண்டு மாசமா இவ தூங்கல டாக்டர். எங்களாலயும் முடியல."

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டாள் அவள். டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் வெளியே காத்திருந்ததில், சொல்ல வேண்டியதெல்லாம் தொண்டை வரை வந்து நின்றிருந்தது. பக்கத்தில் அவள் கணவன், கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு. இருவருக்கும் நடுவில் ஸ்டூலின் மேல், தூங்காத அந்த மகள். ஐந்து வயதுக்குள் கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"சுத்தமாத் தூங்கறதே இல்லையா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"பன்னண்டு, ஒண்ணு வரைக்கும் கொட்டக் கொட்ட முழிச்சிட்டிருப்பா. கண்ணு சொக்கும், தலை தொங்கும். உடனே தன் கன்னத்துல தானே தட்டிப்பா. எந்தக் குழந்தையாவது அப்படிச் செய்யுமா டாக்டர்?"

"கதை சொன்னோம், லைட்டை அணைச்சோம், வெந்நீர்ல குளிப்பாட்டினோம். எதுவும் எடுபடல," என்றான் கணவன். "இந்தச் சின்னவனைப் பாருங்க, படுத்தா கட்டை. ஒரே வீட்டுல ரெண்டு தினுசு."

அவளுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. மகள் திரும்பிப் பார்த்ததும் சிரித்து வைத்தாள்.

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி போட்டு ரத்தம் எடுப்பது அவள் வேலை. போன வாரம் ஒரு பெரியவருக்கு மூன்று முறை குத்தியும் நரம்பு அகப்படவில்லை. நேற்று இரண்டு பேருடைய குப்பிகளில் பெயர்ச் சீட்டை மாற்றி ஒட்டிவிட்டாள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். கணவனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. கூண்டின் தலைமேல் ஏறி நின்று செய்கிற வேலையில் கண் அசந்தால் ஆள் மிஞ்ச மாட்டான்.

அதெல்லாம்கூடப் போகட்டும். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில், நடந்துகொண்டே தூங்கி, மகள் மாடிப்படியில் உருண்டு விழுந்தாள். தாடையில் நான்கு தையல். இன்னும் நாலு படி மேலே இருந்திருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் அவள் மகளின் தாடையைத் தடவிப் பார்த்தாள். பெற்ற பிள்ளையைத் தூங்க வைக்கக்கூட வக்கில்லாமல் போய்விட்டோமே என்று மனசு விட்டுப்போயிருந்தது. இனி எதுவும் சரியாகும் என்ற நம்பிக்கையே அவளுக்கு இல்லை.

டாக்டரம்மா காது, தொண்டை, வயிறு எல்லாம் பார்த்தார். ரிப்போர்ட்டுகளைப் புரட்டினார்.

"உடம்புல ஒரு குறையும் இல்லம்மா."

கேட்டதும் அவளுக்கு அழுகைதான் வந்தது. வியாதி என்றால் மருந்தாவது இருக்கும்.

கணவன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினான். "குடிம்மா. காலையிலேர்ந்து நீ ஒண்ணும் சாப்பிடல."

"நீங்க மட்டும் சாப்டீங்களாக்கும்? இவனைக் குடுங்க, தோள் வலிக்கும்."

"இருக்கட்டும்மா, நீ உட்காரு."

மகள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தப்பா நெனைக்காதீங்க, கேக்க வேண்டியது என் கடமை," என்றார் டாக்டரம்மா. "வீட்டுல சண்டை சச்சரவு ஏதாவது?"

"இவ எதிர்ல ஒரு நாளும் கிடையாது டாக்டர்," என்றான் கணவன் சட்டென்று. "குழந்தைங்க முன்னாடி முகம் சுளிக்கக் கூடாதுன்னு பேசி வச்சிருக்கோம். இன்னி வரைக்கும் மீறினதில்ல."

அவளும் தலையாட்டினாள். அதில் பொய் இல்லை. எத்தனையோ விஷயத்தில் கோட்டை விட்டிருந்தாலும் இந்த ஒன்றை இருவரும் கட்டிக் காத்திருந்தார்கள்.

"ரொம்ப நல்லது. இங்க வர்றதுல பாதிப் பேர் என் எதிர்லயே மல்லுக்கு நிக்கறாங்க. உங்க ரெண்டு பேருக்கும் கண்ணு பட்டுடப் போகுது."

அவள் தரையைப் பார்த்தாள்.

"தூக்கத்துக்கு ஏதாவது எழுதிக் குடுங்க டாக்டர்," என்றாள். குரல் உடைந்தது. "ஒரே ஒரு வாரத்துக்குக் குடுங்க. இவ தூங்கினாத்தான் நான் மூச்சு விட முடியும். சத்தியமா இனிமே என்னால முடியாது."

"அஞ்சு வயசுக்கா? மாட்டேன். ஏன் தூங்கலன்னு அவளைக் கேட்டீங்களா?"

"கேட்காத நாளில்ல. வாயைத் திறந்தாத்தானே."

டாக்டரம்மா யோசித்தார். "ரெண்டு பேரும் கொஞ்சம் அந்தத் திரைக்குப் பின்னாடி நில்லுங்க."

திரைக்குப் பின்னால் ஒரு கட்டிலும் எடை பார்க்கும் மெஷினும் இருந்தன. கணவன் குழந்தையோடு போய்ச் சுவரோரமாக நின்றான். அவள் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்றாள். வெளியே டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"கண்ணு, உனக்குத் தூக்கம் வருதா இல்லையா?"

"வருது." கொட்டாவியோடு வந்தது பதில்.

"அப்புறம் ஏன் தூங்க மாட்டேங்கறே? பயமா?"

ஸ்டூல் கிறீச்சிட்டது.

"என்கிட்ட சொன்னா நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"அம்மா அழக் கூடாது."

"சரி, நீ சொல்லு."

"ஒரு நாள் நான் சும்மா கண்ணை மூடிட்டுப் படுத்திருந்தேன். 'தூங்கிட்டாளா'ன்னு அப்பா கேட்டாரு. அம்மா 'ம்'னாங்க. உடனே அப்பா தலகாணிய எடுத்துட்டு அந்த ரூமுக்குப் போயிட்டாரு. அம்மா சுவத்துப் பக்கம் திரும்பி அழுதாங்க."

பிறகு அந்தச் சின்னக் குரல் இன்னும் தணிந்து வந்தது.

"நான் முழிச்சிட்டிருக்கற வரைக்கும்தான் ரெண்டு பேரும் பேசிக்கறாங்க, டாக்டர் ஆன்ட்டி."