கட்டுரையில் ஆளைக் காணோம்

மார்ச் 4, செவ்வாய். இன்றைய தவறு: என் கட்டுரையில் நான் இல்லை. ஆசிரியை கண்டுபிடித்துவிட்டார்.

எழுதிவிட்டு லிஃப்ட் மெக்கானிக் நோட்டை மூடினான். மாலை வகுப்பில் ஏற்கெனவே இரண்டு முறை திரும்பிவந்த கட்டுரை அது. இந்த முறையும் தேறாவிட்டால் சான்றிதழ் கிடையாது. மேற்பார்வையாளர் வேலைக்கு மனுப் போட முடியாது.

ஆசிரியை திருப்பித் தந்த தாள்களுக்குள் சிவப்பு மையில் கிறுக்கலாக ஒரு சீட்டு இருந்தது: 'மூன்றாம் பகுதியில் பிறர் சொன்னதுதான் இருக்கிறது. நீங்கள் எங்கே? திருத்தி எழுதுங்கள்.' எப்போதும் 'வா தம்பி, உக்காரு' என்கிறவர் 'நீங்கள்' போட்டிருந்தார். அவ்வளவு கோபமா என்று சீட்டை மறுபடியும் படித்தான்.

மூன்றாம் பகுதியைப் பிரித்தான். 'மின்தூக்கிகள் பழுதடையப் பல காரணங்கள் உண்டென அறிஞர்கள் கருதுகின்றனர்.' ஆறு வருஷமாக லிஃப்ட் குழிக்குள் இறங்குகிறான். அங்கே ஒரு அறிஞரைக்கூடப் பார்த்ததில்லை.

வேலைக் குறிப்பேட்டை எடுத்து வைத்து எண்ணினான். அறிஞர்களை அடித்துவிட்டு எழுதினான்: 'நான் பழுது பார்த்த நாற்பது லிஃப்ட்டுகளில் முப்பத்தொன்று கதவுக் கோளாறால் நின்றவை. எல்லாவற்றுக்கும் கயிற்றைக் குறை சொல்வதை நான் ஏற்கவில்லை.'

அக்காவிடம் படித்துக் காட்டினான். பழைய கட்டுரைக்குக் கொட்டாவி விட்டவள், இதற்குக் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டாள்.

"டேய், அப்போ நம்ம அபார்ட்மென்ட் லிஃப்ட் நிக்கறதும் கதவாலதானா?"

மறுநாள் புதிய கட்டுரையோடு சீட்டையும் சேர்த்துக் குத்திக் கொடுத்தான். சீட்டைப் பார்த்ததும் ஆசிரியையின் முகம் ஒரு மாதிரி ஆனது. கட்டுரையை இரண்டு தடவை படித்தார். மூன்றாம் பகுதியை மட்டும் மூன்று தடவை.

"இப்பவும் தப்பா, மேடம்?"

"உன் பழைய கட்டுரைக்கே ரெஜிஸ்டர்ல பாஸ் போட்டுட்டேன், தம்பி." அவர் கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "இந்தச் சீட்டைத்தான் நேத்துலேருந்து வீடு பூரா தேடறேன். என் ஆராய்ச்சிக் கட்டுரையைத் திருப்பி அனுப்பினப்போ, எங்க பேராசிரியர் எனக்கு எழுதினது."

மார்ச் 5, புதன். நாளைய வேலை: மாலை ஆறு மணிக்கு ஆசிரியையின் மூன்றாம் பகுதியைத் திருத்த வேண்டும். போகும் வழியில் சிவப்புப் பேனா வாங்க வேண்டும்.