டிரில் மாஸ்டர் தியானம் பண்றார்

"உங்க தியானத்துக்காக என் பொழப்பை மூட்டை கட்டி வெக்கவா சார்?"

கீழ் வீட்டு டிங்கர் இப்படிக் கேட்டதும் டிரில் மாஸ்டருக்கு மூக்கு வெடைச்சுது. ஒடுங்கின காரைத் தட்டி நிமிர்த்தற ஆளுக்கு எவ்வளவு வாய்!

"காலையில கொஞ்ச நேரம்தானேய்யா நிறுத்தச் சொல்றேன்?"

"காரைத் தடவிக் குடுத்தா நிமிராது சார், அடிக்கணும். மனசு அடங்கிட்டா இடி விழுந்தாலும் கேக்காதாமே? நீங்க அடக்குங்க, நான் அடிக்கறேன்."

கல்நெஞ்சுக்காரன்! முனகிக்கிட்டே மாடி ஏறினார்.

காலமெல்லாம் விசில் ஊதியே பசங்களை ஓட விட்டவர். இப்போ ரிட்டயர்டு. வீட்டுக்காரம்மாவும் போய்ச் சேந்தாச்சு. வெளிநாட்டு மகன் போன்ல "சாப்டீங்களா"ம்பான். பதில் சொல்றதுக்குள்ள வெச்சிடுவான். அதான் மாஸ்டர் பாயை விரிச்சு கண்ணை மூடிட்டார்.

மொதல்ல டங் டங்னு மண்டைக்குள்ளயே அடிச்ச மாதிரி இருந்துது. போகப் போக சத்தம் தேஞ்சுது. அப்புறம் சுத்தமா இல்ல!

மாஸ்டருக்குத் தலைகால் புரியல. மீசையைத் தடவிக்கிட்டே பட்டறைக்கு வந்தார்.

"உன் சுத்தியல் எனக்கு இப்போ கேக்கறதே இல்ல, தெரியுமா?"

"அச்சச்சோ! காது டாக்டரைப் பாத்தீங்களா சார்?"

"போய்யா! இது ஞானம்யா!"

"அப்படிங்களா? நான் கை ஒடிய அடிச்சுக்கிட்டு இருக்கேன். பெரிய ஆளு சார் நீங்க!"

ஒரு நாள் தியானத்துல உடம்பே பஞ்சாப் போச்சு. நெஞ்சுக்குள்ள என்னமோ நெறைஞ்சு தளும்புது. நான்னு ஒண்ணே இல்ல, சொந்தம் பந்தம் எல்லாம் மாயைன்னு பளிச்னு தெரிஞ்சுது. கண்ணுல தண்ணி.

இதை உடனே யார்கிட்டயாச்சும் சொல்லியாகணும்.

யார்கிட்ட?

மகனுக்கு அங்கே தூங்கற நேரம். சுவத்தைப் பாத்தார். நாற்காலியைப் பாத்தார். கடைசியில டிங்கரை விட்டா வேற நாதி இல்ல.

செருப்புகூடப் போடாம ஓடினவர், பாதிப் படியில நின்னுட்டார்.

கீழே சுத்தியல் தரையில கெடந்துது. டிங்கர் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தான். எதிர்ல ஒரு கார்க்காரர் தையத்தக்கான்னு குதிச்சுக்கிட்டிருந்தார்.

"சும்மாதானே உக்காந்திருக்கே? ரெண்டு தட்டு தட்டிக் குடுய்யா, நான் வேலைக்குப் போக வேணாமா?"

"உஷ்! மெல்லப் பேசுங்க சார்." டிங்கர் கிசுகிசுத்தான். "மாடியில ஒரு மனுஷன் பேச ஆளில்லாம உக்காந்திருக்காரு. சாமியாச்சும் வந்து ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போகட்டுமே!"